காரணம் தெரியாத வியாதியும் தலைவிதியும்

(வாசகசாலைக் கூட்டம் ஒன்றில் ஜவுளிக் கடைக் கணக்கர் ஒருவர் பேசியது)



இன்றையக் கூட்டத்தில் நானும் பேச வேண்டுமென்று வாசகசாலைத் தோழர்கள் கேட்டுக்கொண்டபோது எனக்கு மிகவும் தயக்கமாகவே இருந்தது. நான் மேடைப் பேச்சாளன் அல்ல; வைத்தியம் படித்தவனும் அல்ல. ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். என்றாலும் 2016ம் வருஷம் முதல் ஒரு வியாதியோடு குடித்தனம் செய்து வருகிறவன் என்கின்ற யோக்கியதை ஒன்று மாத்திரம் எனக்கு உண்டு. அந்த யோக்கியதையைக் கொண்டுதான் உங்கள் முன் நிற்கிறேன். நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

பேசப்போகிற விஷயம் வயிற்றைப் பற்றியது. மலத்தைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்ல வேண்டிவரும். அதற்காக யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் சொல்லாமல் மறைத்ததால் நான் இரண்டு வருஷம் வீணாய்க் கஷ்டப்பட்டேன். அதனால்தான் பச்சையாகப் பேசுகிறேன்.

கணையம் என்பது என்ன?

நம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டினாற்போல், சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில் ஓர் உறுப்பு குறுக்கே படுத்துக் கிடக்கின்றது. அதற்குக் கணையம் என்று பெயர். எடை 100 கிராமுக்குள்தான் இருக்கும். ஆனால் அது செய்கிற வேலையோ பெரிது. நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் ஜீரண நீரைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புகின்றது. நாம் தின்னும் சோறு, பருப்பு, எண்ணெய், கறி எல்லாவற்றையும் கரைத்து உடம்பில் சேர்ப்பது பெரும்பாலும் இந்த நீர்தான். சர்க்கரையை அடக்கிவைக்கும் இன்சுலினும் இங்கிருந்துதான் வருகின்றது.

இங்கே புத்தியுள்ளவன் ஒரு கேள்வி கேட்பான். “கறியைக் கரைக்கும் நீர் என்கிறாயே, கணையமும் கறிதானே? அதை ஏன் அது கரைத்துவிடவில்லை?” என்பான். நியாயமான கேள்வி. அந்த நீரில் உள்ள சத்துக்கள் கணையத்துக்குள் இருக்கும்வரை தூங்கிக்கொண்டே இருக்கின்றன. குடலுக்குள் போய் விழுந்த பிறகுதான் விழித்துக்கொள்ளுகின்றன. தீப்பெட்டிக்குள் தீக்குச்சிகள் கிடக்கின்றன அல்லவா? வெளியே எடுத்து உரைத்தால் அடுப்பு எரியும். பெட்டிக்குள்ளேயே பற்றிக்கொண்டால் பெட்டியே எரிந்துபோகும். கணைய அழற்சி என்பது இதுதான். ஜீரண நீர் உள்ளேயே விழித்துக்கொண்டு, பெற்ற வீட்டையே கரைக்கத் தொடங்கிவிடுகின்றது. இதை 1896லேயே பிராகு நகரில் ஹான்ஸ் கியாரி என்கின்ற டாக்டர் எடுத்துச் சொன்னார்.

எனக்கு வந்த கதை

2016ல் ஒரு நாள் இரவு சாப்பிட்டுப் படுத்தவனுக்கு மேல்வயிற்றில் வலி கண்டது. வலி என்றால் சாதாரண வலியல்ல. கடப்பாரையை வயிற்றில் செருகி முதுகு வழியாய் இழுப்பதுபோல் இருந்தது. மல்லாந்து படுக்க முடியவில்லை. முன்னுக்குக் குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தாங்கியது. வாந்தியும் நிற்கவில்லை. “வாயுப் பிடிப்பு” என்று ஓமத் திராவகம் கொடுத்தார்கள். சோடா வாங்கி வந்தார்கள். மருந்துக் கடைக்காரர் இரண்டு மாத்திரை கொடுத்தார். விடியும்வரை இந்த வைத்தியம் நடந்த பிறகு, என் துணைவி 108க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே இரத்தத்தில் லைபேஸ் என்பதை அளந்து பார்த்தார்கள். அது இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. ஸ்கேனும் எடுத்துக் கணைய அழற்சி என்றார்கள்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “குடிப்பது உண்டா?” என்பது. இந்தக் கேள்வியில் தப்பு ஒன்றுமில்லை. ஏனென்றால் இந்த வியாதிக்குப் பித்தப்பைக் கல்லும் சாராயமுமே முக்கியக் காரணங்கள். நான் ஒரு நாளும் குடித்தவன் அல்ல; அப்படியே சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஆனால் எங்கள் தெரு அடுத்த கேள்விக்குப் போகவில்லை! “கணையம் கெட்டுவிட்டதாம், தெரியுமல்லவா, ரகசியக் குடி!” என்று தீர்ப்பு எழுதிவிட்டது. கடை முதலாளி காதுக்கும் அது போயிற்று. ஓர் ஆணுக்கே இப்படியென்றால், இதே வியாதி கண்ட ஒரு பெண்பிள்ளையின் கதி என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். குடித்தே கெட்டவனானாலும் அவனும் நோயாளிதானே? தண்டனை கொடுக்கவா ஆஸ்பத்திரி கட்டி வைத்திருக்கின்றது?

அதன்பிறகு ஒவ்வொரு காரணமாகத் தேடினார்கள். பித்தக்கல் இல்லை. இரத்தத்தில் கொழுப்பு மிதமிஞ்சி இருந்தாலும் வரும்; அதுவும் இல்லை. சுண்ணாம்புச் சத்து அதிகமானால் வரும், அதுவும் இல்லை. சில மாத்திரைகளால் வரும், நான் சாப்பிட்டதில்லை. அடிபட்டால் வரும், அடிபடவில்லை. உள்நோக்கிக் குழாயைப் போட்டு, சாதாரண ஸ்கேனில் தெரியாத பொடிக்கற்கள் உண்டா என்றும் பார்த்தாய்விட்டது. கடைசியில் அந்த டாக்டர் என்னை உட்காரவைத்து, “காரணம் தெரியவில்லை. இப்படிச் சிலருக்கு வருவதுண்டு. ஒரு தடவையோடு நின்றாலும் நிற்கலாம், மறுபடி வந்தாலும் வரலாம்” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு படித்து, இவ்வளவு மெஷின் வைத்துக்கொண்டு, “தெரியவில்லை” என்று சொல்லுவதற்கா நான் கடன் வாங்கிவந்தேன் என்று நினைத்தேன். அது எவ்வளவு யோக்கியமான வார்த்தை என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது. எப்படிப் புரிந்தது என்றால், “தெரியும்” என்று சொல்லுகிறவர்களிடம் போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

தெரிந்தவர்கள் சங்கதி

இரண்டாந் தடவை 2017ல் வந்தது. உடனே தெரிந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஜாதகம் பார்த்தவர் ஏழரைச் சனி என்றார். குறி சொன்னவர் குலதெய்வக் குற்றம் என்றார். மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறாரே, அவர்தான் பொல்லாதவர். இடுமருந்து எடுக்கிறவர்! வயிற்று வியாதி என்றால் நம் ஊர்களில் இவரைத் தேடிப் போகாத குடும்பம் குறைவு. அவர் என் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, ஏதோ ஒரு மயிர்ச் சுருளையும் கறுப்புக் கட்டியையும் துப்பிக் காண்பித்து, “உறவிலே வந்த ஒரு பெண் சோற்றிலே வைத்துவிட்டாள்” என்றார்.

தோழர்களே! இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. என்னுடையது கலப்பு மணம். அந்த மணத்தில் என் அம்மாவுக்கு அரை மனசு. “உறவிலே வந்த பெண்” என்றால் யார்? அன்று முதல் என் துணைவி எனக்குச் சோறு போடும்போதெல்லாம், அம்மா பார்க்கும்படி முதல் கவளத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டு அதன்பிறகு என் தட்டில் வைப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். எத்தனை நாள் தெரியுமா? ஏறக்குறைய ஏழு மாதம்! என் கணையம் எனக்குக் கொடுத்த வலியை எல்லாம் சேர்த்தாலும் அந்தக் கவளத்துக்கு ஈடாகாது.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அம்மாவைக் கேட்டேன். “இரண்டாந் தடவை வலி வந்தபோது அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் தின்றது உன் கைச் சோறு. அப்படியானால் மருந்து வைத்தது நீயா அம்மா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அம்மா அன்றைக்கு முழுதும் பேசவில்லை. மறுநாள் காலையில் மருமகளைக் கூப்பிட்டு, “இனிமேல் நீ அப்படித் தின்று காட்ட வேண்டாம்” என்று மாத்திரம் சொன்னாள்.

ஆனால் விரதத்தை விடவில்லை. எனக்காகச் சனிக்கிழமைதோறும் பட்டினி. அவளோ சர்க்கரை வியாதிக்கு மாத்திரை தின்கிறவள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்ததில் ஒரு நாள் சர்க்கரை இறங்கிச் சமையற்கட்டில் விழுந்துவிட்டாள். என் வயிற்றுக்காக அவள் வயிற்றைக் காயப்போட்டால் எந்தக் கடவுளுக்கு என்ன லாபம்? அதன்பிறகு நான் தர்க்கம் செய்வதை விட்டுவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்கி அவள் கையில் கொடுத்தேன். “நான் என்ன தின்கிறேன், எப்போது வலிக்கிறது, எடை என்ன என்பதைப் பேத்தியை விட்டு இதில் எழுதிவை. டாக்டர் கேட்கிறார்” என்றேன். விரதம் தானாக நின்றது. என் மேல் வைத்த அன்புக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான் சங்கதி.

“குணமாயிற்றே!” என்பவர்களுக்கு

“மந்திரித்தபின் வலி நின்றதே” என்று சிலர் கேட்கிறார்கள். வாஸ்தவம், நின்றது. ஆனால் இந்த வியாதி கண்ட நூறு பேரில் சுமார் 80 பேருக்கு அது லேசான வகையாகவே இருந்து, சில நாட்களில் அல்லது ஒரு வாரத்தில் தணிந்துவிடுகின்றது. ஆகவே தணியப்போகும் நேரத்தில் கடைசியாக யார் வந்து நின்றாரோ அவருக்குப் பேர்! கயிறு கட்டினவன் வந்திருந்தால் கயிற்றால் குணம். சாம்பல் கொடுத்தவன் வந்திருந்தால் சாம்பலால் குணம். ஆனால் மீதி 20 பேரின் கதி என்ன? அவர்களுக்குக் கணையம் அழுகலாம். மூச்சும் சிறுநீரகமும் நின்றுபோகலாம். அவர்களைக் கயிற்றோடு வீட்டில் வைத்திருந்தால் சாவு. எந்த ஆள் 80ல் சேர்ந்தவன், எந்த ஆள் 20ல் சேர்ந்தவன் என்பது முதல் நாளில் கயிறு கட்டுகிறவனுக்குத் தெரியுமா? அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்கிறோம்.

விதி என்று சொல்லுகிறவர்களையும் ஒன்று கேட்கிறேன். விதிதான் என்றால் பரிகாரம் எதற்கு? பரிகாரத்தால் மாறும் என்றால் அது விதி எப்படி ஆகும்? இரண்டில் ஒன்றைத்தானே சொல்லவேண்டும்?

தெரியாதது எப்படித் தெரியவருகின்றது?

“தெரியவில்லை” என்று டாக்டர் சொன்னால் “காரணமே இல்லை” என்று அர்த்தம் அல்ல. இன்னும் தேட வேண்டும் என்று அர்த்தம். இதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கின்றது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும், குடியையே அறியாத ஏழைப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே கணையத்தில் கல் விழுந்து, வயிற்றுவலியும் பிறகு சர்க்கரை வியாதியும் வந்து இளம் வயதில் மாண்டுபோவதை டாக்டர்கள் கண்டார்கள். கேரளத்தில் கீவர்கீஸ் என்கின்ற டாக்டர் இப்படிப்பட்ட நோயாளிகளை நூற்றுக்கணக்கில் பார்த்துக் குறித்துவைத்து 1968ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். அந்த ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கை அதிகம் தின்பதைப் பார்த்து, அதிலுள்ள விஷச் சத்தால் இருக்குமோ என்று சந்தேகித்தார்கள். பிற்பாடு, கிழங்கைத் தொடாதவர்களுக்கும் அது வருவதைப் பார்த்து, அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என்று தாங்களே ஒப்புக்கொண்டார்கள். எந்த ஜோசியனாவது “போன வருஷம் நான் சொன்ன சனி தப்பு” என்று ஒப்புக்கொண்டு பார்த்திருக்கிறீர்களா?

தேடல் நிற்கவில்லை. கணைய நீர் உள்ளேயே விழித்துக்கொண்டால் அதை அடக்குவதற்கு உடம்பில் ஒரு பிரேக் இருக்கின்றது. அந்த பிரேக்கைச் செய்யும் மரபணு பழுதாயிருந்தால் வியாதி வரக்கூடும் என்று 2000ல் கண்டார்கள். 2002ல் ஐதராபாத் ஆராய்ச்சியாளர்கள் நம் நாட்டு நோயாளிகளிலும் அந்தப் பழுது அதிகமாய் இருப்பதைக் காட்டினார்கள். “சரிதான், பிறக்கும்போதே எழுதிவிட்டான் என்பது நிஜமாயிற்று, அதுதான் தலையெழுத்து” என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். இல்லை ஐயா! அந்தப் பழுது இருந்தும் யாதொரு வியாதியும் இல்லாமல் ஆயுள் முழுதும் வாழ்கிறவர்கள் ஏராளம். அது ஒரு காரணத்தின் பாதி. மீதிப் பாதியில் நாம் கைவைக்கக்கூடியது எவ்வளவோ இருக்கின்றது.

உதாரணமாக, நான் குடியாதவன் என்று பெருமையாய்ச் சொன்னேன். ஆனால் தினம் ஒரு பாக்கெட் சிகரெட் ஊதிக்கொண்டிருந்தேன்! புகையும் கணையத்தைக் கெடுக்கும், வியாதியை வேகமாய் முற்றச் செய்யும் என்று டாக்டர் சொன்னபோது, தெருவின் மீதும் ஜோசியன் மீதும் காட்டிய கோபத்தை என் மீது காட்ட வேண்டியதாயிற்று. காரணம் தெரியாவிட்டாலும் எண்ணெய் ஊற்றாமல் இருக்கலாம் அல்லவா? 2018ல் நிறுத்தினேன்.

வியாதியோடு வாழ்வது

நிற்க. வலி நின்ற பிறகும் வியாதி என்னை விடவில்லை. எவ்வளவு தின்றாலும் எடை குறைந்தது. மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்காய், தண்ணீரில் மிதந்து, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் நாறிற்று. இதைத்தான் வெட்கப்பட்டு இரண்டு வருஷம் மறைத்தேன். கடைசியில் சொன்னபோது டாக்டர், “கணைய நீர் போதவில்லை, தின்ற கொழுப்பு ஜீரணமாகாமல் அப்படியே வெளியேறுகிறது” என்று சொல்லி, மலத்தைப் பரிசோதித்து உறுதி செய்து, ஜீரணச் சத்து அடங்கிய காப்ஸ்யூல் கொடுத்தார்.

அந்த மருந்து பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகின்றது. இதைக் கேட்டதும் எங்கள் உறவில் பெரிய கலகம்! சைவம் என்றார்கள், ஆசாரம் என்றார்கள். மதத்தின் பேரால் தயங்குகிறவர்களை நான் பரிகாசம் செய்ய வரவில்லை. அவர்கள் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பேசி முடிவு செய்யட்டும். வாங்கிவைத்துக்கொண்டு ரகசியமாய்க் குப்பையில் போட வேண்டாம் என்றுதான் சொல்லுகிறேன். என்னைப் பொறுத்தவரை, எனக்கு உயிர் கொடுக்கிற பிராணி எனக்கு இழிவான பிராணி அல்ல.

அனுபவத்தில் கண்ட சில காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். தின்று ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால், கல்யாணம் முடிந்தபின் வந்த மேளம்தான். மூன்று வேளை வயிறு முட்டத் தின்பதைவிட, ஐந்தாறு தடவையாய்க் கொஞ்சங்கொஞ்சமாய்த் தின்பது எனக்கு ஒத்துக்கொண்டது. எண்ணெயை அடியோடு விட்டுவிடு என்று ஊரார் சொல்லுவார்கள். எடை குறைந்தவன் அப்படிச் செய்தால் எலும்பும் தோலுமாய்ப் போவான். எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறைகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு பலவீனப்படும். சர்க்கரையையும் காலாகாலத்தில் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் கணையத்துக்கு ஓய்வு என்று நோயாளியை நாள் கணக்கில் பட்டினி போட்டார்கள். இப்போது தாங்க முடிந்ததும் சீக்கிரமே ஆகாரம் கொடுப்பதுதான் நல்லது என்று கண்டிருக்கிறார்கள். ஆகவே வீட்டில் பட்டினி வைத்தியம் செய்யாதீர்கள். வலியோடு காய்ச்சல், நிற்காத வாந்தி, கண் மஞ்சள், மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று கண்டாலும் மாத்திரை தின்று காத்திருக்காதீர்கள்.

“சகல வயிற்று நோய்க்கும் ஒரே லேகியம்” என்று விற்கிறவர்களிடமும் ஜாக்கிரதையாயிருங்கள். சனீஸ்வரனை விட்டுவிட்டு, பேர் தெரியாத சூரணத்தைக் கும்பிடுவது பகுத்தறிவு ஆகாது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத எதையும் உள்ளே விடாதீர்கள்.

முடிவாக

நான் குணமாகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். போன வருஷமும் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுத்தேன். காரணம் இன்றைக்கும் தெரியவில்லை. வலி வரும்போது, “எனக்கு மட்டும் ஏன்?” என்கின்ற கேள்வி இன்னமும் வருகின்றது. அதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வியோடு ஒரு மனிதன் வாழமுடியும். அது கஷ்டந்தான், ஆனால் முடியும். பொய்யான பதிலோடு வாழ்வதற்குத்தான் வீட்டில் ஒருத்தி ஏழு மாதம் எச்சில் கவளம் தின்று காட்ட வேண்டியிருந்தது.

ஆகவே தோழர்களே! உங்கள் தெருவில் யாருக்காவது இன்னதென்று தெரியாத வியாதி வந்தால், குடித்தானா என்று விசாரிக்காதீர்கள். எந்தப் பெண் எதை வைத்தாள் என்று தேடாதீர்கள். எந்தக் கோவிலுக்கு நேர்ந்துகொண்டாய் என்றும் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் உண்டா, வேலைக்குப் போகாத நாளுக்கு அடுப்பு எரிகிறதா என்று கேளுங்கள். இந்தக் காப்ஸ்யூல் வாங்கக் காசில்லாதவர்களுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் அது தடையில்லாமல் கிடைக்க வேண்டுமென்று நாம் எல்லோரும் சேர்ந்து கேட்போம். சாப்பிட்ட சோறு உடம்பில் ஒட்டுவது பணக்காரன் வயிற்றுக்கு மாத்திரம் உரிய பாக்கியமாய் இருக்கக் கூடாது.

என் சாப்பாட்டு வேளையும் வந்துவிட்டபடியால் இத்துடன் முடித்துக்கொள்ளுகிறேன்.